கிழவிக்குள் இருந்த பெண்

அன்பு மகளுக்கு,

கிழவியாகவும் இளம்பெண்ணாகவும் தெரியும் என்று நீ அனுப்பிய படத்தில் இளம்பெண்ணைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கிழவிதான் இருந்தாள். அப்புறம் நீ போனில் சொன்ன மாதிரி, கிழவியின் மூக்கைத் தாடையாக, கண்ணைக் காதாக, வாயைக் கழுத்தில் கட்டிய பட்டையாக நினைத்துப் பார்த்தேன். சட்டென்று ஒருத்தி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள்! இப்போது வேண்டாம் என்றாலும் அவளே வந்து நிற்கிறாள்.

அந்தச் சூட்டோடு கொஞ்சம் படித்தேன். நெக்கர் என்ற சுவிஸ் அறிஞர், படிகங்களின் வரைபடங்கள் பார்க்கும்போதே முன்பின்னாகப் புரள்வதைப் பற்றி 1832இல் எழுதியிருக்கிறார். நானும் காலண்டர் தாளின் பின்புறம் பன்னிரண்டு கோடு போட்டு ஒரு கனசதுரம் வரைந்தேன். கீழ்ச் சதுரம் முன்னால் நிற்கிறது; சில நொடியில் பின்னால் போய்விடுகிறது. பிடித்து நிறுத்தப் பார்த்தேன், கொஞ்ச நேரம்தான் தாக்குப்பிடித்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கவும் முடியவில்லை. தாளில் இருப்பது தட்டைக் கோடு, ஆழம் மூளை போடும் கணக்கு. இரண்டு விடையும் சரியாக வருவதால் அது ஒன்றில் நிலைப்பதில்லை. ஒன்றைத் தாங்கும் நரம்பணுக்கள் சளைக்க, மற்றது மேலே வருகிறது என்பது ஒரு விளக்கம்.

ரூபினின் குவளைப் படம் உனக்குத் தெரியும். குவளையாகவும் இருக்கும், எதிரெதிரே இரண்டு முகமாகவும் இருக்கும். ஸ்கேனில் பார்த்தால், முகங்களாகத் தெரியும் நேரத்தில் முகங்களை அடையாளம் காணும் மூளைப் பகுதி கூடுதலாக வேலை செய்கிறதாம். கண்ணுக்குள் போகும் வெளிச்சம் துளிகூட மாறவில்லை! இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சரி, பேரன் விஷயம். வாத்தாகவும் முயலாகவும் தெரியும் படத்தில் அவனுக்கு வாத்து மட்டும்தான் தெரிகிறது என்று அலுத்துக்கொண்டாயே. மூன்று நான்கு வயதில், இன்னொன்றும் இருக்கிறது என்று யாரும் சொல்லாதவரை படம் தானாகப் புரள்வது அரிதாம். வாத்தின் அலகுதான் முயலின் காது என்று தொட்டுக் காட்டிப் பார்.

2015இல் இணையத்தில் பரவிய அந்த உடைப் படத்தின் நிறத்துக்காக நானும் அப்பாவும் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? அவருக்கு வெள்ளையும் தங்கமும், எனக்கு நீலமும் கறுப்பும். உடை நீலம் படிந்த நிழலில் இருப்பதாக அவர் மூளை எடுத்துக்கொண்டு நீலத்தைக் கழித்துவிட்டிருக்கிறது. உண்மையில் அது நீலம்தான். சொன்னாலும் ஒப்புக்கொள்ளவில்லை.

நேற்று உன் படத்தையும் அவரிடம் நீட்டினேன். "அழகான பெண், இதில் கிழவி எங்கே?" என்கிறார். நான் இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அன்புடன்,
அம்மா