முதல் வீடு வாங்குவோருக்குச் சாவி கிடைக்கும் நாளை உறுதிப்படுத்தக் கோரும் மனு

பெறுநர்: வீடமைப்பு, சமூகங்கள் மற்றும் உள்ளூராட்சி அமைச்சர் அவர்கள், லண்டன்.

அனுப்புநர்: இங்கிலாந்தில் முதல் வீடு வாங்கும் தமிழர்களும், அவர்களுக்கு உதவும் தமிழ் பேசும் மோட்கேஜ் (வீட்டுக்கடன்) ஆலோசகர்களும்.

பொருள்: விற்பனைக்கு முன்பே வீட்டு ஆவணங்களைத் திரட்டச் செய்வதும், கம்ப்ளீஷன் (முழுப் பணமும் கட்டிச் சாவி பெறுதல்) தாமதத்தைக் குறைப்பதும்.

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

விலை பேசி முடிந்த பிறகுதான் வீட்டைப் பற்றிய விபரங்களை இங்கே தேடவே தொடங்குகிறார்கள். எக்ஸ்சேஞ்ச் (கையொப்பமிட்ட ஒப்பந்தங்களைப் பரிமாறுதல்) ஆகும்வரை இரு தரப்பையும் எதுவும் கட்டுப்படுத்தாது. அதுவரை யார் சொல்லும் தேதியும் ஊகமே. “சொலிசிட்டர் இழுத்தடிக்கிறார்” என்பது எங்கள் வீடுகளில் வழக்கமான முறைப்பாடு. சில வேளை அது உண்மைதான்; மலிவுக் கட்டணத்துக்கு அளவுக்கு மீறிக் கோப்புகளை எடுத்துக்கொள்ளும் அலுவலகங்களும் உண்டு. ஆனால் தாமதத்தின் பெரும்பகுதி, அவர் மேசைக்கு இன்னும் வந்து சேராத காகிதங்களால் ஏற்படுவது.

வீட்டைப் பற்றி விற்பவர் நிரப்பும் டி.ஏ.6 படிவமும் ஒப்பந்த வரைவும் முதலில் வரவேண்டும். அதற்கு முன்பே கவுன்சில், நீர்-வடிகால், சுற்றுச்சூழல் சேர்ச்சுகளுக்குப் (பதிவேட்டுத் தேடல்களுக்கு) பணம் கட்டினால், விற்பவர் மனம் மாறும்போது சில நூறு பவுண் வீணாகும். காத்திருந்தால் வாரங்கள் போகும். கவுன்சில் சேர்ச் ஓரிடத்தில் சில நாளில் வரும், இன்னோரிடத்தில் வாரக்கணக்கில் இழுபடும். அதன் பிறகே கேள்விகள்: கூட்டிக் கட்டிய குசினிக்குக் கட்டட ஒழுங்குவிதிச் சான்றிதழ் எங்கே, 2002 ஏப்ரலுக்குப் பின் மாற்றிய ஜன்னல்களுக்கு ஃபென்சா (ஜன்னல் பொருத்தியது விதிப்படி என்ற) சான்றிதழ் எங்கே என்று. இல்லாவிட்டால் அந்தக் குறைக்கு ஒரு காப்புறுதி எடுத்துச் சமாளிப்பார்கள். ஆனால் பொறுமையிழந்து வாங்குபவரே கவுன்சிலுக்குப் போன் எடுத்து விசாரித்துவிட்டால் அந்தக் காப்புறுதியும் கிடைக்காமல் போகலாம். இதை அவருக்கு முன்கூட்டியே சொல்பவர் அரிது.

பலருக்கு முதல் வீடாக எட்டுவது ஃபிளாட்தான். அங்கே சேவைக் கட்டணக் கணக்கு, கட்டடக் காப்புறுதி, தீப் பாதுகாப்பு மதிப்பீடு எல்லாம் கட்டடத்தைப் பராமரிக்கும் மனேஜிங் ஏஜென்ட் கையில். இந்த விபரங்களைத் தரும் எல்.பி.இ.1 படிவத்தை நிரப்ப அவர் கேட்பதுதான் கட்டணம், தருவதுதான் தேதி. கட்டடம் 11 மீட்டரோ ஐந்து மாடியோ அதற்கு மேலோ இருந்தால், 2022 கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குத்தகையாளர் சான்றும் நில உரிமையாளர் சான்றும் சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது, பணம் வந்த வழி. 2017 பணச்சலவைத் தடுப்பு ஒழுங்குவிதிகளை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் ஒரே பாஸ்போட்டை விற்பனை ஏஜென்ட், வங்கி, சொலிசிட்டர் மூவரும் தனித்தனியே சரிபார்க்கிறார்கள். எங்கள் குடும்பங்களில் டெபாசிட் ஓரிடத்திலிருந்து வருவதில்லை: கொஞ்சம் சேமிப்பு, ஊரில் காணி விற்ற காசு கொஞ்சம், மிச்சம் சீட்டு. காணிக்கு உறுதியையும் மொழிபெயர்ப்பையும் காட்டலாம். 20 பேர் மாதம் 500 பவுண் போடும் சீட்டைக் கழிவு போக எடுத்தவரிடம் பெரும்பாலும் இருப்பது ஒரு கொப்பி மட்டும்தான். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய இந்தக் கேள்வி, எக்ஸ்சேஞ்ச் நெருங்கும்போது எழுந்து எல்லாவற்றையும் நிறுத்துகிறது.

இதற்கிடையில் மோட்கேஜ் ஓஃபர் பொதுவாக ஆறு மாதத்தில் காலாவதியாகும். ஆறு மாதம் கடந்த சேர்ச்சையும் வங்கி பெரும்பாலும் ஏற்காது. ஒருவர் வாங்குவது இன்னொருவர் விற்பதில் தங்கியிருக்கும் சங்கிலியில் மேலே ஒருவர் விலகினால் இரண்டுக்கும் புதிதாகப் பணம் கட்ட நேரலாம், பழைய வாடகையும் ஓடிக்கொண்டிருக்கும். 2025 ஏப்ரல் 1 அன்று முதல் வீட்டுக்கான முத்திரை வரி விலக்கின் எல்லை 425,000 பவுணிலிருந்து 300,000 பவுணுக்கு இறங்கியது. 425,000 பவுண் வீட்டுக்கு கம்ப்ளீஷன் ஒரு நாள் பிந்தியவருக்கும் 6,250 பவுண் வரி. பிந்தியது யாரால் என்று வரிச்சட்டம் கேட்பதில்லை. எக்ஸ்சேஞ்சுக்குப் பின் தவறினால் பத்து வேலைநாள் நோட்டீஸ் உண்டு, 10 வீத டெபாசிட் பறிபோகும் அச்சமும் உண்டு. அதற்கு முன் இழுத்தடிப்பவருக்கு ஒரு நட்டமும் இல்லை.

உங்கள் அமைச்சு 2025 ஒக்டோபரில் வெளியிட்ட கலந்தாய்வு, விபரங்களை முன்கூட்டியே தருவது பற்றியும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் பற்றியும் பேசியது. அதை வரவேற்கிறோம், 2007இன் தவறு மட்டும் திரும்ப வேண்டாம். அன்று விற்பவர் தரவேண்டியிருந்த வீட்டுத் தகவல் பொதியில் கட்டட நிலை அறிக்கை கட்டாயமாக இருக்கவில்லை. வாங்கும் தரப்பு சேர்ச்சுகளைத் திரும்பவும் எடுத்தது. 2010 மே மாதம் பொதியே நிறுத்தப்பட்டது. ஸ்கொட்லாந்தில் 2008 டிசம்பரிலிருந்து, ஆய்வாளர் அறிக்கை அடங்கிய ஹோம் ரிப்போட் இல்லாமல் பெரும்பாலான வீடுகளைச் சந்தைக்கு விடமுடியாது.

ஆகவே விற்பனைப் பலகை நடும் முன்பே டி.ஏ.6, சேர்ச், ஃபிளாட்டானால் எல்.பி.இ.1 ஆகியவை தயாராக இருப்பதைக் கட்டாயமாக்குங்கள். அந்தச் சேர்ச்சை வங்கிகள் ஏற்கவும் வேண்டும். மனேஜிங் ஏஜென்டுக்கான காலக்கெடுவும் கட்டண உச்சவரம்பும் 2024 குத்தகைச் சீர்திருத்தச் சட்டத்தின் நோக்கங்களில் இருந்தன. அவற்றை முழுமையாக நடைமுறைப்படுத்துங்கள். விலை பேசியதும் இரு தரப்பும் சிறு தொகை கட்டி, காரணமின்றி விலகுபவர் அதை இழக்கும் ஒப்பந்தத்தை வழமையாக்குங்கள். முத்திரை வரி எல்லை இனி மாறும்போது, மாற்றத்துக்கு முன் எக்ஸ்சேஞ்ச் முடித்தவருக்குப் பழைய வீதமே பொருந்த நிதியமைச்சுடன் பேசுங்கள். சீட்டுக் காசுக்கு எந்தெந்த ஆதாரங்கள் போதும் என்பதை சொலிசிட்டர்களின் ஒழுங்குமுறை அமைப்பு எழுத்தில் வெளியிடவும் வழிசெய்யுங்கள்.

மனுவின் ஆங்கிலப் பிரதி இணைக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
கீழே கையொப்பமிட்டோர்
லண்டன்