பிரீசருக்குப் போகும் கறிக்கு மலையகத்தில் வேறு கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை சமைத்து, பிரீசரில் வைத்து, வாரம் முழுவதும் எடுத்துச் சாப்பிடுவது பற்றி சமையல் பக்கங்களில் அடிக்கடி குறிப்புகள் வருகின்றன. விடியற்காலையில் மலைக்கு ஏறுகிறவர்களுக்கும் முதல் பஸ்ஸைப் பிடிக்கிறவர்களுக்கும் இது பெரிய உதவிதான். ஆனால் அந்தக் குறிப்புகள் கொழும்பு அடுப்பை நினைத்து எழுதப்பட்டவை. நுவரெலியாவில் அப்படியே செய்தால் இரண்டு இடங்களில் பிழையாகிவிடும்.

முதலாவது கொதிநீர். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். கரட், போஞ்சியை உறைய வைக்குமுன் கொதிநீரில் போட்டு எடுப்பது, காயில் உள்ள நொதியங்களை அடக்கத்தான். அவை அடங்காவிட்டால் பிரீசருக்குள் இருந்தபடியே காய் நிறம் மங்கி, வைக்கோல் வாடை அடிக்கும். வட்டமாக வெட்டிய கரட்டுக்கு 2 நிமிடம், போஞ்சிக்கு 3 நிமிடம் என்பது கீழ்நாட்டுக் கணக்கு. 1,500 மீற்றருக்கு மேலே ஒரு நிமிடம் கூட்ட வேண்டும். அரைக் கிலோ காய்க்கு 4 லீற்றர் தண்ணீராவது வேண்டும். சின்னச் சட்டியில் அள்ளிக் கொட்டினால் கொதி அடங்கி, காய் வேகாமல் ஊறும். எடுத்ததும் அதே அளவு நேரம் குளிர்நீரில் போட்டு, துணியில் ஒற்றி ஈரத்தைப் போக்குங்கள். சமையல் பக்கம் எழுதுபவர்கள் இந்த ஒரு நிமிடத்தை ஒரு வரியில் சேர்த்தால் புண்ணியம்.

இரண்டாவதுதான் ஆபத்தானது. ‘ஊரே பிரிட்ஜ் மாதிரித்தானே’ என்று இரவு ஆக்கிய கறியைச் சட்டியோடு மூடிவைத்து, காலையில் பிரீசருக்குள் தள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. வெளியே 12 பாகை என்றாலும் கிருமி ஓய்வதற்கு அது போதாது. 5 பாகைக்குக் கீழே போக வேண்டும். அதோடு, மூடிய பெரிய சட்டியின் நடுப்பகுதிக்கு வெளிக்குளிர் எட்டவே எட்டாது. சோறு இன்னும் மோசம். அரிசியில் வரும் ஒருவகைக் கிருமியின் வித்து கொதியிலும் சாகாது. ஆறப்போட்ட சோற்றில் அது உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. கறியை 5 சென்ரிமீற்றருக்கு மேல் ஆழம் போகாமல் அகலத் தட்டுகளில் ஊற்றி, அந்தத் தட்டைப் பீலித் தண்ணீருக்குள் (மலை ஊற்றிலிருந்து குழாயில் வரும் தண்ணீர்) இறக்கிக் கிளறுங்கள். நம் மலைக்குளிர் உதவுவது இந்தத் தண்ணீரில்தான். 2 மணித்தியாலத்துக்குள் ஆறி உள்ளே போய்விட வேண்டும்.

பருப்பு, கோழிக்கறி, அரைவேக்காட்டில் எடுத்த தேங்காய் ரொட்டி எல்லாம் நன்றாக உறையும். ரொட்டிகளுக்கிடையே எண்ணெய்த்தாள் வையுங்கள். உருகவிடாமல் நேரே கல்லில் போடுங்கள், உருகவிட்டால் நசநசத்துப் போகும். உருளைக்கிழங்கு துண்டாகக் கிடந்தால் மணல்மணலாகிவிடும், அதைச் சமைக்கிற அன்றே சாப்பிட்டுவிடுவது மேல். தேங்காய்ப்பால் உறைந்து உருகும்போது பிரிந்துவிடும் என்பதால் தலைப்பாலைச் சூடாக்கும் நாளில் விடுங்கள். குழம்புக்கு மேலே 2 சென்ரிமீற்றர் இடம் விடாவிட்டால் மூடி பிதுங்கும், போத்தல் என்றால் வெடிக்கும்.

பெட்டியையும் பாருங்கள். பிரீசர் கதவில் நட்சத்திரக் குறி இருக்கும். ஒன்று என்றால் –6 பாகை, ஒரு வாரத்துக்கு மட்டும். இரண்டு என்றால் –12, ஒரு மாதம். மூன்று என்றால் –18, மூன்று மாதம். ஒற்றைக் கதவுப் பழைய பிரிட்ஜில் மாதக்கணக்கில் மீன் வைப்பவர்கள் இதை ஒருமுறை குனிந்து பார்ப்பது நல்லது.

கடைசியாக மின்வெட்டு. 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனதை யாரும் மறக்கவில்லை. நிறைந்த தனிப் பிரீசர் திறக்காமல் இருந்தால் 48 மணித்தியாலம் தாங்கும், பாதி நிறைந்தது 24. பிரிட்ஜின் மேல்தட்டுச் சிறு பெட்டியிடம் அந்தத் தாக்குப்பிடிப்பை எதிர்பார்க்க வேண்டாம். ஒரு கோப்பையில் தண்ணீரை உறையவைத்து அதன்மேல் 10 ரூபா நாணயம் ஒன்றை வைத்துவிடுங்கள். வீட்டில் இல்லாத நேரத்தில் கரண்ட் போய் வந்திருந்தால் நாணயம் காட்டிக்கொடுக்கும். அது கோப்பையின் அடியில் கிடந்தால், இறைச்சிக் கறியை முகர்ந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

மனைப்பொருளியல் ஆசிரியை ஒருவர்,
நுவரெலியா.