வாசலிலேயே ஓர் அட்டை கொடுங்கள்

சிறை மறுவாழ்வுத் திட்ட ஒருங்கிணைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். போன வெள்ளிக்கிழமை மாலை உங்கள் தங்கும் விடுதியில் நடந்தது இதற்குள் உங்கள் காதுக்கு வந்திருக்கும். அன்று காலைதான் விடுதலையான பையன். பட்டியலில் பெயர் இருந்தது, படுக்கையும் ஒதுக்கியிருந்தீர்கள். அடையாள அட்டை இல்லை, திங்கட்கிழமை வா என்று அனுப்பிவிட்டார்கள். பக்கத்தில் துணைக்கு நின்றவன் நான். ஏழு வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்து, இப்போது உங்கள் திட்டத்திலேயே தன்னார்வலனாக இருக்கிறேன்.

மேசையில் இருந்த பெண் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவர் சொன்னார்.

அட்டை வாங்க முகவரி வேண்டும். முகவரிக்கு அறை வேண்டும், அறைக்கு முன்பணம், முன்பணத்துக்கு வேலை, வேலையில் சேர அட்டை. இந்தச் செக்குமாட்டுச் சுற்றை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள், நான் விளக்க வேண்டியதில்லை. உள்ளே போன நாளில் எங்களிடமிருந்து வாங்கி வைத்த அட்டை, திரும்பி வரும்போது காலாவதியாகியிருக்கும். இல்லாவிட்டால் காணாமலே போயிருக்கும். கையில் மிஞ்சுவது விடுதலைச் சீட்டு ஒன்றுதான்.

அந்தச் சீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் வெளியே வந்த மறுநாள் சிம் கார்டு வாங்கப் போனேன். வேறு ஒன்றும் இல்லாததால் அதைத்தான் நீட்டினேன். கடைக்காரர் படித்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு மேசைமேல் கிடந்த தன் போனை மெதுவாகத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார். "சர்வர் வேலை செய்யல, நாளைக்கு வாங்க." அதற்கப்புறம் சிறையின் பெயர் உள்பக்கம் போகும்படி சீட்டை மடிக்கப் பழகிக்கொண்டேன். நாலு மாதம் மடித்து விரித்ததில் மடிப்பு கிழிந்து, என் பெயரின் நடு எழுத்து போய்விட்டது. பெயர் பொருந்தவில்லை என்று ஓர் அலுவலகத்தில் அதையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. விடுதலையாகிற நாளில், வாசலிலேயே, செல்லுபடியாகும் அடையாள அட்டையை ஆளின் கையில் கொடுங்கள். தண்டனை முடியும் தேதி மாதக்கணக்கில் முன்கூட்டியே தெரியும். கைரேகை சிறையில் இருக்கிறது, புகைப்படம் இருக்கிறது, தினமும் எண்ணிக் கணக்கெடுக்கிறார்கள். இவ்வளவு சுலபமாகக் கண்டுபிடிக்கக்கூடிய விண்ணப்பதாரர் உலகத்தில் வேறு யார் இருக்கிறார்?

புதிதாக எதையும் கேட்கவில்லை. உங்கள் அலுவலகச் சுவரில் மண்டேலா படம் மாட்டியிருக்கிறீர்கள். 2015-இல் ஐ.நா. பொதுச்சபை அவர் பெயரில் ஏற்றுக்கொண்ட, கைதிகளை நடத்தும் முறை பற்றிய விதிகளில் 108-ஆவது, விடுதலையாகிறவருக்கு உரிய ஆவணங்களும் அடையாளத் தாள்களும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. வீடு, வேலை, பருவத்துக்கு ஏற்ற உடை, போய்ச் சேர வழிச்செலவு எல்லாம் அதில் உண்டு. படத்துக்குக் கீழே அதையும் ஒட்டிவைக்கலாம்.

மூன்று ராத்திரிதானே என்று தோன்றலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பற்றி 2007-இல் வந்த ஆய்வு ஒன்று, முதல் இரண்டு வாரத்தில் அவர்களுக்குச் சாவு நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 12.7 மடங்கு என்று கண்டது. முதல் காரணம், அளவு மீறிய போதைமருந்து. வெள்ளிக்கிழமை விடுதலையின் ஆபத்து தெரிந்துதான் இங்கிலாந்திலும் வேல்சிலும் 2023-இல் சட்டமே கொண்டுவந்தார்கள். உதவி தேவைப்படுகிறவரை இரண்டு வேலைநாள் வரை முன்னதாகவே வெளியே விடலாம். நம் வழக்கமோ, சனி ஞாயிறு விடுதலைகளையும் சேர்த்து வெள்ளிக்கிழமையே அனுப்பிவிட்டு விளக்கை அணைப்பது.

உள்ளே எங்களுக்கு நடத்திய ஆளுமை வளர்ச்சி வகுப்பில், சார்ட் அட்டையில் 'என் ஐந்தாண்டுத் திட்டம்' வரையச் சொன்னார்கள். நானும் கலர் பென்சிலால் மரம் போட்டு, கிளைக்கு ஒரு கனவாக எழுதினேன். நல்ல மதிப்பெண்கூடக் கிடைத்தது. முதல் ராத்திரி எங்கே படுப்பது என்று கேட்க அதில் இடமில்லை. தச்சுப் பயிற்சிச் சான்றிதழ் கொடுத்தார்கள், அதன் தலையில் சிறையின் முத்திரை. அதை எந்தப் பட்டறையில் காட்டுவது? விழா வந்தால் மட்டும் எங்களை மேடையேற்றிச் 'சாதித்தவர்கள்' என்று மாலை போடுகிறீர்கள். மாலை போட யாரும் அட்டை கேட்பதில்லை!

மன்னிக்கவும். கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். உங்கள் ஆட்கள் இல்லாவிட்டால் எனக்கு ஒரு வேலையே கிடைத்திருக்காது, அதை மறக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். சிறை நிர்வாகத்தையும் அட்டை வழங்கும் அலுவலகத்தையும் ஒரே மேசையில் உட்கார வைக்க உங்களால் முடியும். விடுதலைக்கு மூன்று மாதம் முன்பே விண்ணப்பம் போக வேண்டும், அன்று வாசலில் அட்டை கைக்கு வர வேண்டும். அதுவரைக்கும் உங்கள் விடுதியிலாவது அந்தச் சீட்டை அடையாளமாக ஏற்றுக்கொள்ளுங்கள். தயவுசெய்து.

அந்தப் பையனை அன்றைக்கு என் அறைக்குக் கூட்டிப் போனேன். வேறு யாரும் தங்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை. என் கதை முழுக்கத் தெரிந்தும் அறை கொடுத்த ஒரே மனிதர் அவர். அவரிடம்தான் மூன்று நாள் பொய் சொன்னேன்.

உங்கள் பட்டியலில் அடுத்த பெயருக்கு விடுதலை 14-ஆம் தேதி. அதுவும் வெள்ளிக்கிழமை.

இப்படிக்கு,
உங்கள் தன்னார்வலர்களில் ஒருவன்