பாலைவனத்துக்குப் போகும் மகளுக்கு

ஜெலுத்தோங், பினாங்கு
20 ஜூலை 2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் தம்பி வீட்டாரும் நலம். என் முழங்கால் முன்போலத்தான் இருக்கிறது. ஆகஸ்டு மாதக் கடைசியில் அமெரிக்காவின் நெவாடாவில் நடக்கும் பர்னிங் மேன் என்ற பாலைவனத் திருவிழாவுக்கு நீ போகப்போவதைத் தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீயே சொல்லியிருக்கலாம். நீ வாங்கி வைத்த பொருள்களைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பியிருந்தாயாம். அதைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். பூப்போட்ட பருத்தித் துணி ஒன்று, பக்கங்கள் திறந்த கறுப்புக் கண்ணாடி ஒன்று, வேறொன்றும் இல்லை. அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

தூசியைப் பற்றி அம்மாவுக்கு என்ன தெரியும் என்று நினைக்காதே. பாயான் லெப்பாசில் 24 ஆண்டுகள் கிளீன்ரூமில், அதாவது தூசி நுழையாத தொழிற்சாலை அறையில், வேலை செய்தவள் நான். எங்கள் அறையில் ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரான் அளவும் அதற்கு மேலும் உள்ள துகள் நூறுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கணக்கு. தலை முதல் கால் வரை நாங்கள் போட்ட அந்த வெள்ளை உடுப்பு எங்களைக் காப்பதற்காக இல்லை, எங்களிடமிருந்து வேஃபரை, அதாவது சிப் செய்யும் மெல்லிய தகட்டை, காப்பதற்காக. ஆனால் பன்னிரண்டு மணி நேரம் முகத்தை மூடியிருப்பவளுக்கு எந்தக் கவசம் காதை அறுக்கும், எது மூக்குத் தண்டில் தழும்பு வைக்கும், எதை மூன்றாவது மணி நேரத்தில் கழற்றி எறியத் தோன்றும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். கழற்றி எறியத் தோன்றும் கவசம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் பயன் இல்லை. ஆகவே சுகமாக இருக்கிறதா என்பதைத்தான் நீ முதலில் பார்க்க வேண்டும். அழகு அதற்குப் பிறகு.

அந்த இடத்தைப் பற்றித் தம்பியிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிளாக் ராக் பாலைவனம் என்பது நம் மனத்தில் இருக்கும் மணல்மேடு இல்லையாம். பனியுகக் காலத்தில் லஹோண்டன் என்ற பெரிய ஏரியாக இருந்து வற்றிப்போன படுகை, கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,190 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மணல் என்றால் உதறினால் விழுந்துவிடும். இதுவோ முகப்பவுடர் போன்ற மாவு, அதிலும் காரத்தன்மை உள்ள மாவு. ஈரம் பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு தோலை வறட்டி வெடிக்க வைக்கும். எழுபதாயிரம் பேர் நடந்தும் சைக்கிள் ஓட்டியும் அந்தத் தரையின் மேல்பொருக்கை உடைத்துவிட்ட பிறகு, ஒரு காற்று எழுந்தால் எதிரில் நிற்பவர் கூடத் தெரியாத அளவுக்கு வெள்ளையாகிவிடுமாம். 1990 முதல் அங்கே நடக்கும் விழா அது. ஆண்டுதோறும் போய்ப் பழகியவர்கள் கண்ணுக்கும் மூக்குக்கும் வேண்டியதைக் கையில் எடுத்துக்கொள்ளாமல் கூடாரத்தை விட்டு நகர்வதில்லை என்கிறார்கள். பழகியவர்களே அப்படி இருக்கும்போது நீ ஒரு துணியை நம்பிப் போகிறாய்.

துணி போதாது பாப்பா. நெய்த நூலுக்கும் நூலுக்கும் இடையில் இருக்கும் துவாரம் அந்த மாவுக்கு வாசற்கதவைப் போல. பெரிய துகளைத் துணி தடுக்கும், சிறியது உள்ளே போய் நெஞ்சின் அடிவரைக்கும் இறங்கும். நனைத்துக் கட்டிக்கொண்டால் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதே. நனைந்த துணியில் தூசி குழம்பாக அப்பிக்கொள்ளும், மூச்சு இழுக்கக் கடினமாகும், அதற்காக நீ துணியைத் தளர்த்துவாய், தளர்த்திய இடைவெளி வழியாக எல்லாம் உள்ளே போகும்.

என்95 முகக்கவசம் வாங்கு. 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தையாவது அது தடுக்க வேண்டும் என்பது விதி. உன் நாட்டில் வாங்குவதாக இருந்தால் மேலேயே நையோஷ் என்ற அமெரிக்க அரசு அமைப்பின் முத்திரையும் டி.சி.-84ஏ என்று தொடங்கும் எண்ணும் அச்சிட்டிருக்கிறதா என்று பார். காதில் மாட்டுவதை விட்டுவிட்டு, தலைக்குப் பின்னால் இரண்டு நாடா போகும் வகையை எடு. முகத்தோடு ஒட்டி நிற்பது அதுதான், காதும் வலிக்காது. முன்பக்கம் சிறு வால்வு வைத்தது கிடைத்தால் அதுவே மேல், ஏனென்றால் வெளிவிடும் மூச்சின் சூடும் ஈரமும் அதன் வழியே போய்விடும். போன வாரம் இங்கே ஹார்ட்வேர் கடையில் மூன்று வகை வாங்கி வந்து, ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக்கொண்டு சமையலறையில் நின்றேன். கிண்ணம் போல் விறைப்பாக இருந்தது தாடையில் குத்தியது. வால்வு இல்லாமல் மடித்து வைக்கும் வகை முக்கால் மணி நேரத்தில் வியர்வையில் நனைந்து உதட்டில் ஒட்டியது. மடிக்கும் வகையிலேயே வால்வு வைத்ததைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் குழம்பும் வைத்தேன், துணியும் தேய்த்தேன், அதன் நினைவே வரவில்லை. அங்கே நம் ஊர் புழுக்கம் இருக்காது, வறண்ட சூடுதான், ஆகையால் உனக்கு இன்னும் எளிதாக இருக்கும்.

ஒரே கவசத்தை ஒன்பது நாளும் ஓட்டலாம் என்று நினைக்காதே. கழுவவும் கூடாது, அதன் இழைகளில் ஏற்றி வைத்திருக்கும் மின்னூட்டம்தான் நுண்துகளைப் பிடித்து வைக்கிறது, கழுவினால் அது போய்விடும். கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தால் உட்புறம் முழுவதும் தூசி படிந்து, மறுபடி மாட்டும்போது அதையே நீ சுவாசிப்பாய். ஜிப் வைத்த பையில் போட்டு வை. உன் பூத்துணியை வேண்டுமானால் அதன்மேல் கட்டிக்கொள், அதற்கு நான் தடை சொல்லவில்லை.

விழா தொடங்கும் முன்பே போய் மரச்சிற்பத்துக்கு விளக்கு அமைக்கும் குழுவில் நீ இருக்கிறாய் என்று தம்பி சொன்னபோது, என் மகள் கட்டிய விளக்கை எழுபதாயிரம் பேர் பார்ப்பார்கள் என்று மாடிவீட்டு அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அப்பா இருந்திருந்தால் பேட்டை முழுக்கச் சொல்லியிருப்பார். ஆனால் ஏணியில் ஏறி மரம் அறுத்து வயர் இழுப்பவர்களுக்கு என்95 போதாது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த நாள்களுக்கு, சிலிக்கோன் விளிம்பு வைத்து இரண்டு பக்கமும் வடிகட்டி மாட்டும் அரைமுகக் கவசம் ஒன்று வாங்கிக்கொள். பார்க்கக் கனமாக இருக்கும், பேச்சு தெளிவாகக் கேட்காது, விளிம்பில் வியர்க்கும். என்றாலும் முகத்தோடு நன்றாக ஒட்டும், மூச்சும் இழுக்க எளிது. அதற்குப் பி100 என்ற வடிகட்டி கிடைக்கும், அது 99.97 விழுக்காடு தடுக்கும். எங்கள் கிளீன்ரூம் கூரையில் இருந்த வடிகட்டிக்கும் அதே கணக்குதான்.

எதை மாட்டினாலும் இரண்டு உள்ளங்கையாலும் பொத்திப் பிடித்து, வால்வு இல்லாததானால் மூச்சை வெளியே விட்டும், வால்வு வைத்ததானால் மூச்சை உள்ளே இழுத்தும் பார். ஓரத்தில் காற்று கசிந்தால், முக்கியமாகக் கண்ணுக்குக் கீழே கசிந்தால், மூக்குத் தகட்டை மறுபடி அழுத்து. பாட்டி போட்ட மூக்குத்தியைக் கழற்றிவிட்டுப் போ. அதைக் கழற்றக் கூடாது என்று உன்னோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தவளே சொல்கிறேன், கழற்றிவிட்டுப் போ.

கண்ணுக்கு உன் கறுப்புக் கண்ணாடி உதவாது. நுரை விளிம்போடு முகத்தில் பொருந்தி உட்காரும் காகிள்ஸ் வேண்டும். காற்றோட்டத் துளை நேராகத் திறந்திருக்கக் கூடாது, இல்லாவிட்டால் மாவு உள்ளே வரும், துளையே இல்லாவிட்டால் ஆவி படியும். பகலுக்குக் கறுப்பு, இரவுக்குத் தெளிவான கண்ணாடி என்று இரண்டு எடுத்துக்கொள், உன் வேலை இரவில்தானே. காண்டாக்ட் லென்ஸ் வேண்டவே வேண்டாம், அதற்கும் விழிக்கும் இடையில் தூசி சிக்கினால் விழி கீறிப்போகும். மூக்குக்கண்ணாடிக்கு மேல் போடும் அகலமான காகிள்ஸ் விற்கிறார்கள். கண்ணாடியில் படிந்ததை உலர்ந்த துணியால் துடைக்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவு. கைகால் வெடித்தால் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து கழுவிவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவு. காரத்துக்கு அதுதான் மாற்று.

மறுபடியும் சொல்கிறேன், துணி போதாது.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படியிலிருந்து நான் அழைத்தேன் இல்லையா, பேச்சுக்கு நடுவில் நீ ஃபோனைத் தள்ளி வைத்தாய். ஏர்கான் ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். நானும் சரி என்று கேட்டுக்கொண்டு தேங்காய் உடைத்த கதையைப் பேசினேன். ஏர்கான் இருமல் அப்படி இருக்காது என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று உனக்கும் தெரியும். அதன்பிறகு நீ குறுஞ்செய்தி மட்டும் அனுப்புகிறாய், அழைத்தால் எடுப்பதில்லை.

உனக்கு ஏன் என்னிடம் சொல்லத் தோன்றவில்லை என்பதை இந்த முகக்கவசங்களை மாட்டிக்கொண்டு நின்றபோதுதான் யோசித்தேன். 1997 செப்டம்பர் புகைமூட்டத்தில் உனக்கு ஏழு வயது, முதலாம் வகுப்பு. இரவெல்லாம் இருமினாய். காலையில் அப்பாவின் நீலக் கைக்குட்டையை நனைத்து உன் முகத்தில் கட்டி, இது போதும், பள்ளிக்குப் போ என்று அனுப்பிவிட்டு நான் கம்பெனி பஸ் ஏறினேன். அந்தக் காலையில் பஸ்ஸிலிருந்து பாலம் தெரியவில்லை. வேலைக்குள் நுழையும் முன் ஏர் ஷவரில் நின்று என் மேலிருந்த தூசியை எல்லாம் உதிர்த்துவிட்டு, பினாங்கிலேயே சுத்தமான காற்றில் பன்னிரண்டு மணி நேரம் நின்றேன். உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது என்று உன்னிடமும் அப்பாவிடமும் சொல்லியிருக்கிறேன். அது பொய். மத்தியானம் மூன்று மணிக்கே வந்தது. போக விட மாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த மாத ஓவர்டைம் பணம் எதற்கு என்று உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அக்கா கூட இருக்கிறாள், மருந்துப்புகை வைப்பார்கள், சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஏழு மணி வரை நின்று கையிலிருந்த வேஃபர் லாட்டை முடித்துவிட்டுத்தான் வந்தேன். நீ முகத்தில் அந்தக் கருவியோடு படுத்திருந்தாய். என்னைப் பார்த்ததும் இருமலை அடக்கிக்கொண்டு, எனக்கு ஒன்றுமில்லை அம்மா என்றாய். இருபத்தெட்டு ஆண்டுகளாக நீ அதையேதான் என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

ஆகையால் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். உனக்கு இழுப்பு திரும்பி வந்திருக்கிறதா? வந்திருந்தால் போகாதே என்று சொல்ல மாட்டேன், அந்த விளக்கை நீ ஏற்ற வேண்டும். ஆனால் போகும் முன் டாக்டரைப் பார். முகக்கவசத்தோடு ஏணியில் ஏறி வேலை செய்யலாமா என்று அவரிடம் கேள். நீல இன்ஹேலர் இரண்டு வாங்கி, மூடியைப் போட்டு ஜிப் பையில் வை, வாய்ப்பகுதியில் தூசி போய்விட்டால் அதையும் சேர்த்து உள்ளிழுப்பாய். ஒன்று உன் இடுப்புப் பையில் இருக்கட்டும், மற்றது கூட வருபவர் ஒருவரிடம் இருக்கட்டும், உனக்கு இழுப்பு உண்டு என்பதை அவரிடம் சொல்லி வை. மூச்சு திணறினால் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு மருத்துவக் கூடாரத்துக்குப் போ.

வால்வு வைத்த மடிக்கும் கவசம் இருபதைப் பார்சல் கட்டி வைத்திருக்கிறேன், நாளைக்குத் தம்பி அஞ்சலில் சேர்ப்பான். வந்ததும் ஒன்றை மாட்டிக்கொண்டு அழை. எந்த நேரமானாலும் எடுப்பேன்.

அம்மா