பெரியம்மா கேட்டதற்கு என் பதில்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று பேசும்போது நீ போனைப் பாதியில் வைத்துவிட்டாய். உன் லெப் வேலையைப் பற்றி, "நோயாளியைத் தொடாமல் நுணுக்குக்காட்டியில் கண்ணாடித் துண்டைப் பார்த்துக்கொண்டிருப்பது என்ன டொக்டர் வேலை" என்று பெரியம்மா கேட்டது உன்னைச் சுட்டிருக்கும். அவருக்கு டொக்டர் என்றால் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்க வேண்டும், விடு.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைக் கண்டறியும் பாப் சோதனையை உருவாக்கிய ஜோர்ஜ் பாப்பனிகொலாவு பற்றி உனக்குப் பாடமாக வந்திருக்கும், ஆனால் அவர் மனைவியைப் பற்றி யாராவது சொன்னார்களா? 1913இல் கிரேக்கத்திலிருந்து நியூயோர்க் போன புதிதில், படித்த டொக்டரான அவர் கடையில் கம்பளம் விற்றார், மனைவி அன்ட்ரொமாக்கி பொத்தான் தைத்தார். அப்புறம் கணவருக்கு ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்து, கினிப்பன்றிகளின் கலங்களை நுணுக்குக்காட்டியில் பார்க்கத் தொடங்கினார். பெண்களின் கலங்களையும் பார்க்க வேண்டும் என்றபோது முதலில் அன்ட்ரொமாக்கிதான் தன்னையே கொடுத்தார், ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, இருபது வருடத்துக்கு மேல். கூடவே ஆய்வுகூட வேலையும் செய்தார், சம்பளமில்லாமல். சோதனைக்கு என்னவோ அவர் கணவர் பெயர்தான்!

கருப்பைக் கழுத்திலிருந்து உதிரும் கலங்களிலேயே புற்றுநோய் தெரியும் என்று பாப்பனிகொலாவு 1928இல் சொன்னபோது டொக்டர்மார் பெரிதாக எடுக்கவில்லை. 1943இல் ட்ரவுட் என்ற மகப்பேற்று மருத்துவரோடு சேர்ந்து புத்தகம் போட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை மகளே. நோய் முற்றுவதற்குப் பல வருடம் முன்னாலேயே, கலம் உருமாறத் தொடங்கும்போதே, கண்ணால் பிடித்துவிடலாம் என்று காட்டினார், அவ்வளவுதான்.

சரி, இப்போது என் கதை. எனக்கு 35 வயதானபோது மிட்வைஃப் வீடு தேடி வந்து இந்தப் பாப் சோதனைக்காக வெல்வுமன் கிளினிக்குக்குக் கூப்பிட்டார். தவணைப் பரீட்சை என்று சாக்குச் சொன்னேன். 45இலும் ஏதோ ஒரு சாக்கு. உண்மையில் வெட்கம்தான், நம் லயத்துப் பெண்கள் முக்கால்வாசிப் பேருக்கும் அதே வெட்கம், பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்த நானே இப்படி என்றால் காலையில் பெரட்டுக்கு ஓடி நாள் முழுக்கக் கொழுந்து பறிப்பவர்களை என்ன சொல்ல. போன செவ்வாய்க்கிழமை போனேன். பெரியம்மாவையும் இழுத்துக்கொண்டு போனேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, இதற்கா இத்தனை வருடம் ஓடி ஒளிந்தோம் என்று இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் பெரியம்மா, "நம்முடையதை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டார். "உங்கள் மகள் மாதிரி ஒருத்திதான்" என்றேன். மஸ்கெலியா வரும்வரை வாயே திறக்கவில்லை.

லெப்பில் ஏசி குளிர் என்றாயே, ஸ்வெட்டரை ஹட்டன் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். ஸ்டாண்டுக்கு வந்து வாங்கிக்கொள்.

அம்மா