ஆறு ஓவரும் கணக்கில் வரும்

அன்புள்ள முத்து,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். மாடி ஏறினால் மட்டும் முட்டி வயதை ஞாபகப்படுத்துகிறது.

2024 மே 18 அன்று பெங்களூரில் நடந்த ஐபிஎல் மேட்சில் சென்னை பெங்களூரிடம் தோற்றதை இன்னமும் விடாமல், "தோற்றாலும் 201 எடுத்தால் அடுத்த சுற்றுக்குப் போய்விடலாம் என்றார்களே, அந்த 201 எங்கிருந்து வந்தது?" என்று கேட்டிருந்தாய். உடனே எழுதியிருப்பேன். ஆனால் அதற்குள் இதே கணக்கில் நானே ஊர் முன்னால் அசடு வழிந்துவிட்டேன். முதலில் அதைச் சொல்கிறேன், உனக்குச் சிரிக்க ஆகும்.

பொங்கலுக்கு நம்மூர்த் திடலில் டென்னிஸ் பால் மேட்ச் நடத்தினார்கள். நாலு டீம், ஆளுக்கு மூன்று மேட்ச், மேட்சுக்கு ஆறு ஓவர். முதல் இரண்டு டீம் பைனல். ஸ்கோர் நோட்டு என் கையில். ஒரு டீம் மூன்றையும் ஜெயித்துவிட்டது. மற்ற மூன்றும் ஆளுக்கு ஒரு வெற்றியோடு ரெண்டு ரெண்டு பாயிண்ட். அப்புறம் என்ன, நெட் ரன் ரேட்தான்: ஓவருக்கு அடித்த ரன்னிலிருந்து ஓவருக்குக் கொடுத்த ரன்னைக் கழித்தால் வருவது.

கீழத்தெருப் பையன்கள் மூன்று மேட்சிலும் சேர்த்து 120 அடித்திருந்தார்கள். அதில் ஒரு மேட்சில் 3.4 ஓவரிலேயே 28க்குச் சுருண்டார்கள். நான் 6, 6, 3.4 என்று கூட்டி 15.4 ஓவர் என்று எழுதினேன். கொடுத்தது 119 ரன், போட்டது 16 ஓவர். கால்குலேட்டரில் தட்டினால் பிளஸ் 0.355. கீழத்தெரு பைனலுக்கு என்று போர்டில் சாக்பீஸால் எழுதியும் விட்டேன். அவர்கள் மேளத்தை எடுத்துவிட்டார்கள்.

ஒரு பிளஸ் டூ பையன் வந்து நின்றான். "மாமா, 3.4 ஓவர்னா மூணு ஓவர் நாலு பந்து, மொத்தம் 22 பந்து. தசம புள்ளி இல்ல. அதுவும் இங்க வேண்டாம். ஆல் அவுட்டானா ஆறு ஓவரும் கணக்குல வரும்."

120ஐ 18ஆல் வகுத்தால் 6.67. கொடுத்தது 7.44. மைனஸ் 0.77! பைனலுக்குப் போனவர்கள் கடைசி இடத்தில். மேளம் நின்றது. டீக்கடையில் இன்னும் என்னைப் பார்த்தால், "சார், இந்த டீயோட ரன் ரேட் என்ன?" என்கிறார்கள்.

யோசித்துப் பார்த்தால் அந்த விதி ரொம்ப நியாயம். 22 பந்தில் 28க்கு விழுந்தவனுக்கு ஓவருக்கு 7.6 கிடைக்கும். ஆறு ஓவரும் நின்று 40 அடித்தவனுக்கு 6.67தான். பாதியில் சுருண்டவனுக்குப் பரிசு கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

சரி, உன் 201. அடுத்த சுற்றில் பாக்கி ஒரே ஓர் இடம். அன்றைக்குச் சென்னைக்கு 14 பாயிண்ட், பெங்களூருக்கு 12. பெங்களூர் ஜெயித்தால் இரண்டும் 14. டெல்லியும் லக்னோவும்கூட 14தான், ஆனால் மைனஸில் கிடந்தன. மேட்சுக்கு முன் சென்னையின் ரேட் 0.528, பெங்களூருடையது 0.387. பெங்களூர் 218 அடித்ததும், 18 ரன்னாவது வித்தியாசம் இருந்தால்தான் சென்னையை முந்த முடியும் என்று ஆனது. அதாவது சென்னை 201 எடுத்துத் தோற்றால் 17 ரன் தோல்வி, பிழைத்துவிடும். கடைசி ஓவரில் அதற்கு 17 தேவை. தோனி முதல் பந்தில் சிக்ஸர், அடுத்த பந்தில் அவுட். 191இல் நின்றது. முடிவில் பெங்களூர் 0.459, சென்னை 0.392.

நீ ஒவ்வொரு மேட்சின் ரேட்டையும் தனித்தனியாகப் போட்டுச் சராசரி எடுத்தாய் போலிருக்கிறது. அப்படிச் செய்யாதே. எல்லா மேட்ச் ரன்னையும் ஒரே குவியலாகப் போட்டு, எல்லா ஓவராலும் வகுக்க வேண்டும். மழையில் முடிவில்லாமல் போன மேட்சுக்கு ஆளுக்கொரு பாயிண்ட் உண்டு, ஆனால் அதன் ரன் குவியலில் சேராது. அன்றைய 27 ரன் தோல்வி ஓவருக்கு 1.35 என்றாலும், 14 மேட்ச் குவியலில் கரைந்து சென்னைக்கு இறங்கியது 0.136தான்.

சின்னப் போட்டியில்தான் இது ஆளையே கவிழ்க்கும். 2023 ஆசியக் கோப்பையில் லாகூர் மேட்ச் நினைவிருக்கிறதா? குரூப்பில் ஆளுக்கு இரண்டே மேட்ச். இலங்கை 291. ஆப்கானிஸ்தான் 37.1 ஓவருக்குள் 292 எடுத்தால் அடுத்த சுற்றான சூப்பர் 4. 37 ஓவர் முடிவில் 8 விக்கெட்டுக்கு 289. அடுத்த பந்தில் முஜீப் தூக்கி அடித்து கேட்ச் ஆனார். கதை முடிந்தது என்றே நினைத்துவிட்டார்கள். முடியவில்லை, முத்து! 37.4க்குள் ஒரு சிக்ஸர் போய் 295 ஆகியிருந்தாலும் உள்ளே போயிருப்பார்கள். நானே போட்டுப் பார்த்தேன்: ஆப்கானுக்கு மைனஸ் 0.090, இலங்கைக்கு மைனஸ் 0.112. அது தெரியாமல் பரூக்கி இரண்டு பந்தைத் தட்டிவைத்தார், மூன்றாவதில் எல்பிடபிள்யூ. 16 பந்தில் 27 அடித்த ரஷீத் கான் எதிர்முனையில் நின்றபடி நின்றார். ஒரு சிங்கிள் எடுத்து அவரிடம் கொடுத்திருந்தால்! இந்தக் கணக்கை யாரும் எங்களிடம் சொல்லவில்லை என்று ஆப்கான் கோச் டிராட் பிறகு சொன்னார். சர்வதேச டீமுக்கே இந்தக் கதி என்றால் கீழத்தெரு என்னை மன்னிக்கலாம், என்ன சொல்கிறாய்?

அடுத்த வருஷத்துக்கான நோட்டை அந்தப் பையனிடமே கொடுத்துவிட்டேன். கால்குலேட்டரையும் கேட்டான், தரவில்லை. நீ பங்குனியில் வருவதாக எழுதியிருந்தாயே, எந்தத் தேதி? அம்மாவையும் கூட்டி வா, மாடியில் வேண்டாம், கீழ் அறையை ஒழித்து வைக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
சேகர்