உன் எம்.ஃபில் இங்கே செல்லாது

மதுரை
12.05.2024

அன்புள்ள கோபாலு,

இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்கிறேன். பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்குச் சித்திரை முடியும்போது பதில் எழுதுகிறேன். திட்டுவதை இப்போதே திட்டி முடித்துவிட்டு மேலே படி. போனில் பேசியிருக்கலாமே என்பாய். போனில் நீ எங்கேடா என்னைப் பேச விட்டாய்?

ஊர்ச் செய்திகள். மாரிக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து நன்றாக நடக்கிறான். வாய் வழக்கம் போல அதற்கு முன்னால் நடக்கிறது. ஏப்ரல் 19-ல் ஓட்டுப் போட்டாயிற்று, 23-ல் அழகர் ஆற்றில் இறங்கியாயிற்று. நம் தெருக்காரர்கள் நீர்மோர்ப் பந்தல் போட்டார்கள். அண்டா தூக்கப் போய் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. 'அந்த' பரோட்டாக் கடையை இடித்துவிட்டார்கள். உன் பாக்கி அதோடு தீர்ந்தது என்று நினைக்காதே, கொடுத்தவன் நான் இருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "ரிட்டயர் ஆகி ஊருக்கு ஏதாவது செய்யலாம் என்று போனால் எல்லாரும் போட்டோவுக்கு நிற்கத்தான் கூப்பிடுகிறார்கள்" என்று நாலு பக்கம் புலம்பியிருந்தாய். இங்கேயும் அதே கதைதான். கண்மாய்க் கரையில் மரம் நடக் கூப்பிட்டார்கள், போனேன். ஒரு கன்றுக்கு ஆறு பேர் கை வைத்துப் படம் எடுத்தோம். அப்புறம் கன்றுக்குத் தண்ணீர் யார் ஊற்றுவது என்று கேட்டேன். அடுத்த கூட்டத்திலிருந்து எனக்குச் செய்தி வருவது நின்றுவிட்டது. முதியோர் இல்லத்துக்குப் போனேன். அன்றைக்கு இரண்டு வீட்டுப் பிறந்தநாள். பதினொரு மணிக்கு ஒரு கேசரி, பன்னிரண்டரைக்கு இன்னொரு கேசரி. பாதிப் பேருக்குச் சர்க்கரை. ஒரு பாட்டி என்னிடம், "இதுக்குப் பதிலா யாராவது கால் நகம் வெட்டி விட்டா தேவலை" என்றார். அந்தப் பாட்டிக்கு நகவெட்டி எடுத்துக்கொண்டு வந்தவர் எவரும் கிடையாது, நான் உட்பட. குனிந்தால் எனக்கே நிமிர முடியாது.

இந்த நிலைமையில்தான் கீழ்வீட்டுப் பெண்ணின் சங்கதி தெரிய வந்தது. உனக்கு அவளைத் தெரியும். போன தடவை நீ வந்திருந்தபோது நம் மொட்டை மாடியில் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாளே, 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர். கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த பிறகு 2021-ல் அரசு தொடங்கியதே, அதில் சேர்ந்தவள். பிளஸ் டூ வரைதான் படிப்பு. மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள். அவள் சாக்பீஸும் மிட்டாயும் வாங்கியதே அதற்கு மேல் இருக்கும். அந்தப் பெண், போன நவம்பரில் ஒருநாள் காலை அவசரமாக ஆட்டோ தேடிக்கொண்டு வாசலில் நின்றாள். எங்கே என்றேன். "பரீட்சை எழுதப் போறேன் மாமா, எனக்கில்லை, இன்னொருத்தருக்கு" என்றாள்.

பார்வையில்லாத கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுக்கும் வேலை. 'ஸ்க்ரைப்' என்கிறார்கள், அரசாங்கத் தாளில் 'சொல்வதை எழுதுபவர்'. பத்தாவது, பன்னிரண்டாவது என்றால் தேர்வுத் துறையே ஆசிரியரைப் போட்டுவிடுகிறது. கல்லூரிக்கு வந்தபின்தான் திண்டாட்டம். பல இடங்களில் ஆளை நீயே பிடித்துக்கொண்டு வா என்கிறார்கள். வங்கித் தேர்வுக்கும் அப்படித்தான். நம் மதுரைக்கு இது புதிய தேவை இல்லை. சுந்தரராஜன்பட்டியில் பார்வையற்றோர் சங்கம் 1985-லிருந்து இருக்கிறது, ஆரம்பித்த எஸ்.எம்.ஏ. ஜின்னாவுக்கும் பார்வை கிடையாது. அந்தப் பக்கம் போகும் பஸ்ஸில் வெள்ளைக் கோலோடு ஏறும் பிள்ளைகளை எத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறோம்! இவர்கள் பரீட்சையை யார் எழுதுகிறார்கள் என்று நமக்குத் தோன்றியிருக்கிறதா?

அவளை என் வண்டியிலேயே கொண்டுபோய் விட்டேன். விட்டதோடு நிற்காமல், "நானும் எழுதித் தருகிறேனே" என்று அந்த அலுவலகத்தில் நெஞ்சை நிமிர்த்திக் கேட்டேன். அங்கிருந்த அம்மா, "என்ன படிச்சிருக்கீங்க?" என்றார். பி.காம்., அதுவும் முதல் வகுப்பு, அப்புறம் 36 வருஷம் வங்கி என்று அடுக்கினேன். "அப்படின்னா பி.ஏ. பசங்களுக்கு நீங்க எழுத முடியாது சார். படிப்பு அதிகம்" என்றார். என் வாழ்க்கையில் படிப்பு அதிகம் என்று ஒருவர் என்னை நிராகரித்தது அன்றைக்குத்தான். என் அப்பா இருந்து கேட்டிருக்க வேண்டும்.

விதி அப்படி. 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, தேர்வு எழுதுபவர் தானே ஆளைக் கூட்டி வந்தால் அந்த ஆளின் படிப்பு ஒரு படி கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுதுகிறவரே விடை சொல்லிக் கொடுத்துவிடுவார் என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனால் விளைவைப் பார். பி.ஏ. படிக்கிற பிள்ளைக்குப் பிளஸ் டூ முடித்து நிறுத்தியவர் வேண்டும். கல்லூரியில் கீழ்வகுப்புப் பிள்ளைகளைக் கேட்கலாம் என்றால் அவர்களுக்கும் அதே வாரம் பரீட்சை. வேலைக்குப் போகிறவர்களுக்கு வார நாளில் நாலு மணி நேரம் லீவு கிடைக்காது. (மூன்று மணி நேரத் தேர்வுக்கு இவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதல்.) ஆங்கில வழியில் படித்த பையன்களுக்கு 'ஒப்பந்தம்' என்று எழுதவே இரண்டு நிமிஷம் ஆகிறது. கடைசியில் காசு கொடுத்து யாரையாவது பிடிக்கிறார்கள். அந்த ஆள் காலையில் வரவில்லை என்றால் வருஷம் போச்சு. படித்தது எல்லாம் தலைக்குள் இருக்கும், தாளுக்கு வர வழியிருக்காது.

எனக்கு எம்.ஏ. பிள்ளைகள் மட்டும்தான் சரிப்படும் என்றார்கள். சரி, என் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று வந்துவிட்டேன். ஏப்ரலில் கூப்பிட்டார்கள். மேலூர்ப் பக்கத்துப் பெண், எம்.ஏ. வரலாறு.

நான் ஏதோ மகாபாரதம் எழுதிய பிள்ளையார் மாதிரி போய் உட்கார்ந்தேன். தனி அறை, ஒரு மேற்பார்வையாளர், கடகடவென்று ஒரு மின்விசிறி. கேள்வித்தாளை முழுக்க ஒருமுறை வாசிக்கச் சொன்னாள். கண்டக்டர் ஊர் பெயர் சொல்வது போல நான் ஓட்டினேன். "மெதுவா ஐயா, நான் மனசுல இடம் போட்டு வைக்கணும்" என்றாள். எந்தக் கேள்வி எத்தனை மதிப்பெண், எதில் இது அல்லது அது என்று விருப்பம் இருக்கிறது, எல்லாம் ஒரே வாசிப்பில் ஏறிவிட்டது. அப்புறம் ஆரம்பித்தாள் பார்! "பத்தி. உள்தலைப்பு, அடிக்கோடு. முற்றுப்புள்ளி." மௌண்ட்பேட்டன் வந்தால் எழுத்துக் கூட்டிச் சொல்கிறாள். நான் கடைசி வரியை எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வாக்கியத்தை வாய்க்குள் கட்டி வைத்துக்கொள்கிறாள். நம் காலத்தில் நீ விடைத்தாளில் கோடு போட்டே அரைமணி நேரம் ஓட்டியது நினைவு வந்தது.

நடுவில் பூனா ஒப்பந்தம் வந்தது. "1931-ல் காந்திக்கும் அம்பேத்கருக்கும்" என்றாள். எரவாடா சிறை, 1932 செப்டம்பர்; நீ விடுதியில் எனக்கு உருப்போட்டு ஒப்பித்துக் காதைத் துளைத்த வருஷம் அது. அவள் சொன்னபடியே 1931 என்று எழுதினேன். 36 வருஷம் அடுத்தவன் வவுச்சரில் தேதி தப்பு பிடித்தே சம்பளம் வாங்கியவன் நான். அந்த '1' என் கையிலிருந்து இறங்கிய கஷ்டம் எனக்குத்தான் தெரியும். அவள் அடுத்த பத்திக்குப் போய்விட்டாள்.

முடிந்து படி இறங்கும்போது என் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு வந்தாள். (நாம் அவர்கள் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, அவர்கள் நம்மைப் பிடித்துக்கொள்வார்கள். இதுவும் அவள் சொல்லித்தான் தெரியும்.) "பூனா ஒப்பந்தம் முப்பத்திரண்டுதானே ஐயா?" என்றாள். ஆமாம்மா என்றேன். "நெனைச்சேன். நீங்க அந்த இடத்துல பேனாவை நிறுத்துனீங்க. சத்தம் நின்னுச்சு. அதை வெச்சு நான் மாத்தினா அது உங்க பதிலால்ல ஆயிடும்? அடுத்த பேப்பர்ல நான் என்ன உளறினாலும் நிக்காம எழுதுங்க" என்று சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை, கோபாலு. அவளுடைய நேர்மையைப் பெரிதாகப் பேசினால் அவளே சிரிப்பாள். அவளுக்கு அது சாதாரணம். என்னை உறுத்தியது வேறு. நாம் இத்தனை நாள் சேவை என்று எங்கே போனாலும் நம் மூளையையும் எடுத்துக்கொண்டு போனோம். யோசனை சொல்ல, திருத்த, தலைமை தாங்க. கண்மாய்க்காரர்களுக்கும் நான் யோசனைதான் சொன்னேன், ஒரு குடம் தண்ணீர் ஊற்றவில்லை. இங்கே என் மூளையை வாசலில் கழற்றிவிட்டு வரச் சொல்கிறார்கள். கையும் நாலு மணி நேரமும் மட்டும் போதும் என்கிறார்கள். அடுத்த இரண்டு பேப்பரும் எழுதினேன். நிற்காமல் எழுதினேன்.

இது பார்வை இல்லாதவர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதே. பேனா பிடித்தால் கை இழுத்துக்கொண்டு எழுத முடியாத ஒருவர், விகாஷ் குமார் என்று பெயர், யு.பி.எஸ்.சி.யை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட் வரை போய் 2021-ல் ஜெயித்திருக்கிறார். 40 சதவீத ஊனம் என்று சான்றிதழ் இருந்தால்தான் ஸ்க்ரைப் தருவோம் என்று சொல்லக் கூடாது என்று தீர்ப்பு. ஆக, கேட்கிறவர்கள் இனி கூடத்தான் செய்வார்கள். எழுத ஆள்?

இப்போது உன் பிரச்சினைக்கு வருவோம். நீ எம்.ஏ., எம்.ஃபில். உனக்கு மேலே படிக்கிறவனுக்குத்தான் நீ எழுதலாம். அப்படி ஒருவன் வருஷத்துக்கு ஒருத்தன் கிடைத்தால் உன் அதிர்ஷ்டம். அதுவும் உன் கையெழுத்தைப் பார்த்தால் அவன் ஓடிவிடுவான். நீ வேண்டாம். சகுந்தலாவை அனுப்பு.

சிரிக்காதே, நிஜமாகத்தான் கேட்கிறேன். 1985-ல் பிளஸ் டூ, தமிழ் வழி, அப்புறம் கல்யாணம். உங்கள் வீட்டில் யாராவது படிப்புப் பேச்சு எடுத்தால் அடுப்படிக்கு எழுந்து போய்விடுவாள். உன் மகன் பட்டமளிப்பு விழா அன்று உன் அக்கா சொன்ன சொல்லை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நீயும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை, போகட்டும். அவள் படிப்பு நின்ற இடம்தான் இந்த வேலைக்குத் தேவைப்படுகிற இடம். முத்து முத்தான எழுத்து வேறு. நீ எனக்குப் போட்ட கடிதங்களில் முக்கால்வாசி நீ சாய்வு நாற்காலியில் கிடந்து சொல்ல, அவள் எழுதியதுதானே? இத்தனை வருஷப் பயிற்சிக்கு மேல் என்ன தகுதி வேண்டும்? நீ சொல்வதையே பிழையில்லாமல் எழுதியவளுக்கு எம்.ஏ., பி.ஏ. எல்லாம் எம்மாத்திரம்?

கோயம்புத்தூரில் இல்லாத கல்லூரியா? உங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் தேர்வுப் பிரிவில் கேட்டால் எந்தத் துறையில் அப்படிப்பட்ட மாணவர் இருக்கிறார் என்று சொல்வார்கள். இடத்துக்கு இடம் விதி கொஞ்சம் மாறும், முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலின் நகல், ஆதார், போட்டோ கேட்பார்கள். அடுத்த செமஸ்டர் நவம்பரில். அதற்கு முன்னால் அந்தப் பிள்ளையோடு இரண்டு தடவை உட்கார்ந்து எழுதிப் பழக வேண்டும். பேச்சின் வேகமும் கையின் வேகமும் ஒத்து வர நாளாகும். ஒப்புக்கொண்டால் கடைசி நாளில் கல்யாணம், காதுகுத்து என்று சொல்லக் கூடாது. உன் தங்கை பேத்தி காதுகுத்து நவம்பரில் என்று எழுதியிருந்தாய், தேதியைப் பார்த்து வை.

உனக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன், முகத்தைத் தூக்கிக்கொள்ளாதே. இந்தப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தை ஸ்கேன் செய்து, போன் வாசிக்கக் கேட்டுத்தான் படிக்கிறார்கள். ஆனால் தமிழ்ப் புத்தகத்தைக் கணினி எழுத்தாக்கும்போது துணைக்காலுக்கும் 'ர'வுக்கும் வித்தியாசம் தெரியாமல் 'காலம்' என்பதைக் 'கரலம்' ஆக்கிவிடுகிறது. 1857-க்குப் பக்கத்தில் அடிக்குறிப்பு எண் 3 இருந்தால் 18573-ஆம் ஆண்டுப் புரட்சி! யாராவது வரிக்கு வரி ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். காப்புரிமைப் பயம் வேண்டாம். படிக்க இயலாதவர்களுக்காகப் புத்தகத்தை வேறு வடிவில் மாற்றலாம் என்று 2012-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். அதற்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014-ல் உலகத்திலேயே முதலில் ஏற்புறுதி செய்ததும் நாம்தான். வரலாற்றுப் புத்தகம் என்றால் உன்னைவிட்டால் ஆள் ஏது? இங்கே திருத்தலாம், எவ்வளவு வேண்டுமானாலும் திருத்தலாம். மேலூர்ப் பெண் கேட்கிற புத்தகம் ஒன்று, 400 பக்கம், என்னிடம் இருக்கிறது. முதல் 50 பக்கத்தை உன் மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்லிப் பேரனிடம் கொடுத்திருக்கிறேன்.

ஜூனில் கோவை வருகிறேன், சின்னவள் வீட்டுக்கு. அதற்குள் சகுந்தலாவின் மதிப்பெண் பட்டியலைப் பரணிலிருந்து இறக்கி வை. அவளிடம் நீ கேட்காதே, நீ கேட்டால் அது கிண்டலாகத்தான் முடியும். இந்தக் கடிதத்தை அப்படியே அவள் கையில் கொடுத்துவிடு. பரோட்டாப் பாக்கியையும் எடுத்து வை.

உன்,
சேது